கணினி ஃபேன் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கேபினெட்டின் முகப்பில் நான்கு குமிழ்கள் வைத்து, நான்கு ஃபேன்களின் வேகத்தையும் தனித்தனியே மாற்ற விரும்புகிறேன். ரேடியோவில் உள்ள வால்யூம் கண்ட்ரோலையே ஃபேனுடன் தொடராக இணைத்தால் போதாதா?

பதில்: போதாது. 12 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் இழுக்கும் ஃபேனுக்கு 2.4 வாட் தேவைப்படுகிறது. கார்பன் வகை வால்யூம் கண்ட்ரோலோ பெரும்பாலும் கால் வாட்டுக்கு மேல் தாங்காது என்பதால் விரைவில் கருகிவிடும். நம் வீடுகளில் முன்பு இருந்த பெட்டி ரெகுலேட்டர் தொட்டால் சுட்டதும் இதே காரணத்தால்தான்.

மின்னழுத்தத்தைக் குறைத்தே வேகத்தைக் குறைக்கும் மூன்று பின் ஃபேன்களுக்கு, வெளிவரும் மின்னழுத்தத்தை விரும்பிய அளவில் நிறுத்தும் எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி ஏற்றது. அதன் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே 240 ஓம் தடையையும், அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம் நிலைத்தடையுடன் தொடராக 1 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலையும் இணைத்தால், வெளிவரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 6.5 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட் வரை மாறும். குமிழ் வழியே ஓடுவது சுமார் 5 மில்லி ஆம்பியர் மட்டுமே. ஆகவே, முன்பு கருகிய அதே உதிரிப்பாகம் இங்கே குளிர்ச்சியாக இருக்கும். நிலைத்தடையைத் தவிர்த்துவிடாதீர்கள்: குமிழை அடியோடு குறைத்தாலும் ஃபேன் நின்றுவிடாமல் காப்பது அதுவே. ஐசி தனக்கென்று ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்வதால், முழு வேகம் வேண்டுமானால் 12 வோல்ட்டை நேரடியாகத் தரும் சுவிட்ச் ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

இனி வெப்பம். 7 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் ஓடினால் ஐசியில் 1 வாட் வெப்பமாகும். சிறிய ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) போதும். ஆனால் இந்த ஐசியின் உலோக முதுகு கிரவுண்டுடன் அல்ல, அவுட்புட்டுடன் இணைந்தது. நான்கையும் ஒரே ஹீட்சிங்கில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்காமல் திருகினால் நான்கு அவுட்புட்டுகளும் ஒன்றாகிவிடும். பிறகு எந்தக் குமிழ் எந்த ஃபேனுக்கு என்று தேடிப் பயனில்லை.

கேள்வி: நான்கு பின் ஃபேனை அர்டுயினோ (சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பலகை) மூலம் இயக்கினேன். ஏதோ முனகல் சத்தம் வருகிறது, வேகமும் சீராக இல்லை.

பதில்: இவ்வகை ஃபேனுக்கு 12 வோல்ட்டைக் குறைக்காமல் அப்படியே கொடுத்து, நான்காவது பின்னில் மட்டும் துடிப்புச் சைகை தர வேண்டும். இன்டெல் வகுத்த வரையறைப்படி அதன் அதிர்வெண் 25 கிலோ ஹெர்ட்ஸ். 21 முதல் 28 வரை ஏற்கப்படும். அர்டுயினோ ஊனோ இயல்பாகத் தருவதோ பெரும்பாலான பின்களில் 490 ஹெர்ட்ஸ், அதாவது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள். 16 மெகா ஹெர்ட்ஸ் கடிகாரத்தில் அதன் உள் எண்ணியான டைமர் 1-ஐ ஃபேஸ் கரெக்ட் (மேலேறிக் கீழிறங்கி எண்ணும்) முறையில் வைத்து, உச்ச எண்ணை 320 ஆக அமைத்தால், 9, 10 ஆகிய பின்களில் சரியாக 25 கிலோ ஹெர்ட்ஸ் கிடைக்கும். அர்டுயினோவின் கிரவுண்டும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கிரவுண்டும் இணைந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: நிமிடத்துக்கு 1500 சுற்று ஃபேன், திரையில் 3000 என்று காட்டுகிறது.

பதில்: ஃபேனின் வேகத்தைச் சொல்லும் ஒயரில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் வருகின்றன. நொடிக்கான துடிப்புகளை 60-ஆல் அல்ல, 30-ஆல் பெருக்குங்கள்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் (12 வோல்ட்), சிவப்பு (5 வோல்ட்) ஒயர்களுக்கு இடையே ஃபேனை இணைத்தால் 7 வோல்ட் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: கிடைக்கும்; ஆனால் ஃபேனின் மின்னோட்டம் 5 வோல்ட் தடத்துக்குள் திரும்பிச் செல்கிறது. மின்சாரம் தருவதற்கென்றே அமைந்த தடம் அது, பெறுவதற்கு அல்ல. அதில் வேறு சுமை குறைவாக இருக்கும்போது 5 வோல்ட் உயர்ந்து, அதே தடத்தில் உள்ள ஹார்டு டிஸ்க்கைப் பாதிக்கலாம். நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ப்ராசஸர் ஃபேனையும் இந்தப் பலகையில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். ப்ராசஸரின் வெப்பம் சில நொடிகளிலேயே ஏறிவிடும்; அதற்கேற்ப வேகத்தை மாற்றும் வேலையை மதர்போர்டே செய்யட்டும். குமிழ்கள் கேபினெட் ஃபேன்களோடு நிற்கட்டும்.