அந்த வசனத்தைச் சொன்னவர் யார்?

கேள்வி: எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கு அருகில் உள்ளது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் இரண்டு படங்கள் வந்தன. முதல் படம், லூக்கா 19:27 என்று எண்ணையும் போட்டு, ‘என்னை ராஜாவாக ஏற்காதவர்களை என்முன் வெட்டிப்போடுங்கள் என்று இயேசு கட்டளையிட்டார்’ என்கிறது. இரண்டாவதை ஒரு கிறிஸ்தவரே போட்டார். ஒகேனக்கல் குடிநீர் ஏன் ஒழுங்காக வருவதில்லை என்று கிராம சபையில் சிலர் கேட்டதற்கு மறுநாள், ரோமர் 13:1-ஐக் காட்டி, ‘அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பது பாவம்’ என்று எழுதியிருந்தார். நான் கிறிஸ்தவன் அல்லன். இவற்றை எப்படிச் சரிபார்ப்பது? சண்டை மூளாமல் எப்படிப் பதில் சொல்வது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டு வசனங்களும் பைபிளில் இருக்கின்றன, எண்களும் சரியானவை. சிக்கல் தொடங்குவதே அங்குதான். எண்ணைத் தேடிப் பார்ப்பவர், வசனம் இருப்பதைக் கண்டதும் படம் சொல்வது உண்மை என்று நம்பிவிடுகிறார். ஆகவே ‘இது பைபிளில் இருக்கிறதா’ என்று கேட்பதைத் தள்ளிவைத்து, ‘இதை யார், யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்கிறார்’ என்று முதலில் கேளுங்கள்.

லூக்கா 19:27, நம் பக்கத்துச் சபைகள் பலவற்றில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில், ‘என்முன்பாக வெட்டிப்போடுங்கள் என்று சொன்னான் என்றார்’ என்று முடிகிறது. ‘சொன்னான்’ என்பதையும் ‘என்றார்’ என்பதையும் கூர்ந்து கவனியுங்கள். சொன்னவன் கதையில் வரும் அரசன். அந்தக் கதையைச் சொல்லி முடித்தவர் இயேசு. படத்தைத் தயாரித்தவர் ‘சொன்னான் என்றார்’ என்ற இரண்டு சொற்களையும் வெட்டியதால், கதைமாந்தனின் பேச்சு கதை சொன்னவரின் கட்டளையாக மாறிவிட்டது. அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனம், இயேசு ஓர் உவமையைச் சொல்லப்போகிறார் என்று வெளிப்படையாகவே அறிவிக்கிறது. பிரபு ஒருவன் அரச பதவியைப் பெறத் தூர தேசத்துக்குப் போகிறான். அவனை விரும்பாத குடிமக்கள் அவனுக்கு எதிராகத் தூது அனுப்புகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. யூதேயாவை ஆண்ட ஏரோதின் மகன் அர்கெலாயு கி.மு. 4-இல் அரச பதவியைப் பெற ரோமுக்குப் போனபோது யூதர்கள் அவனுக்கு எதிராகத் தூதுக்குழு அனுப்பியதை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் பதிவு செய்திருக்கிறார். அவன் அரண்மனையைப் புதுப்பித்துக் கட்டிய எரிகோவை ஒட்டியே இந்தக் கதையும் சொல்லப்படுகிறது.

அந்த அரசன் யாரைக் குறிக்கிறான் என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறுதித் தீர்ப்பைக் குறிக்கிறது என்போரும் இருக்கிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த விளக்கத்திலும் இது கேட்பவர்களின் கையில் கத்தியைக் கொடுக்கும் கட்டளை ஆகாது. இயேசுவை உண்மையிலேயே ஏற்க மறுத்த ஒரு சமாரியக் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கச் சொல்லட்டுமா என்று சீடர்கள் கேட்டபோது, அவர் அவர்களைத்தான் அதட்டினார். அது அதே லூக்காவின் 9-ஆம் அதிகாரத்தில், 52 முதல் 56 வரை இருக்கிறது.

பைபிள் எழுதப்பட்டபோது இந்த எண்கள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது; புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551-இல் அச்சிட்டவர் ராபர்ட் எஸ்தியேன். தேடுவதற்கு வசதியாக இட்ட எண்களே, ஒரு வாக்கியத்தைக் கதையிலிருந்து பிய்த்தெடுக்கவும் வசதியாகிவிட்டன.

அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13:1 இன்னும் அதிகமாக என்னை வருத்துகிறது, ஏனெனில் இதைத் தவறாகப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் பைபிளை நேசிக்கிறவர்களே. நிறவெறி அரசு இருந்த தென்னாப்பிரிக்காவில் இந்தப் பகுதியைக் காட்டியே கீழ்ப்படிதல் கோரப்பட்டது. 1985-இல் அந்நாட்டு இறையியலாளர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் அதைக் கடுமையாக மறுத்தது. 2018-இல் அமெரிக்க எல்லையில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததற்கு எதிர்ப்பு எழுந்தபோதும், அப்போதைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் இதே அதிகாரத்தைத்தான் மேற்கோள் காட்டினார். ரோமர் நூலை எழுதிய பவுல் சொல்வது என்ன? 4-ஆம் வசனத்தில், அதிகாரி உன் நன்மைக்காக இருக்கும் தேவ ஊழியக்காரன் என்கிறார். அப்படியென்றால், அந்த நன்மை நடக்கிறதா என்று கேட்பது எப்படிப் பாவமாகும்? பவுலே கேட்டவர்தான். பிலிப்பி நகரத்தில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் காலையில் அவரைச் சந்தடியின்றிப் போகச் சொன்னபோது, தாம் ரோமக் குடிமகன் என்பதைச் சுட்டிக்காட்டி, அவர்களே நேரில் வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று மறுத்தார். நம் நாட்டில் கிராம சபையில் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்திருப்பது சட்டம். ஆகவே தண்ணீரைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிந்தவர்களே.

மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் நடப்பதைக் கண்டிக்கும் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் எங்கள் வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும். ‘உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்’ என்ற வசனத்தைக் கடைத் திறப்பிலும் காலண்டரிலும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரியில் ஒரு புதுமனை புகுவிழாவில் நானே அதைக் கடவுளின் வாக்குறுதியாக வாசித்தேன். அது யோபு 8:7. பேசுகிறவன் யோபின் நண்பன் பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்து நிற்கும் யோபிடம், அவர்கள் பாவமே அதற்குக் காரணம் என்ற பொருள்படச் சற்றுமுன் பேசியவன் அவன். நூலின் கடைசி அதிகாரத்தில், பில்தாதும் நண்பர்களும் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கோபப்படுகிறார். அந்த வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் நன்றியோடு ஏற்றிருப்பேன்.

சரிபார்க்க இரண்டு தமிழ்ப் பதிப்புகள் வேண்டும். ஒன்று, ஹென்றி பவர் குழுவினர் உருவாக்கிய பழைய மொழிபெயர்ப்பு. மற்றொன்று, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். நூற்பெயர்கள் மாறுவதால் தடுமாற வேண்டாம்: சங்கீதம் என்பது திருவிவிலியத்தில் திருப்பாடல்கள், ரோமர் என்பது உரோமையர், அப்போஸ்தலர் நடபடிகள் என்பது திருத்தூதர் பணிகள். பழைய சொற்களும் இன்று வேறு பொருள் தரும். மத்தேயு 10:34-இல் ‘பட்டயத்தையே அனுப்பவந்தேன்’ என்பதில் வரும் பட்டயம் வாள். பாலிடெக்னிக் மாணவருக்கு அது வேறொன்று. அதற்கு இணையான லூக்கா 12:51 ‘பிரிவினையையே’ என்று சொல்வதால், குடும்பத்துக்குள் நேரும் பிளவே பேச்சு என்பது தெரிந்துவிடும். ஓசூர், தளிப் பக்கத்தில் உறவினர் இருந்தால், அவர்கள் வீட்டுத் தெலுங்கு, கன்னட பைபிள்களையும் கேட்டுப் பாருங்கள். எந்த வசனமானாலும், அது இடம்பெறும் அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வாசிப்பதற்குப் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முதல் படத்துக்குக் குழுவிலேயே இவ்வளவு எழுதினால் போதும்: ‘ஐயா, இது இயேசு சொன்ன கதையில் ஓர் அரசன் பேசும் பேச்சு. 11-ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் தெரியும். 27-ஆம் வசனத்தின் கடைசி இரண்டு சொற்கள் படத்தில் விடுபட்டிருக்கின்றன.’ அனுப்பியவரின் நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். அவரும் எங்கிருந்தோ வந்ததை அனுப்பியவராக இருக்கலாம். இரண்டாவது படத்தைப் போட்டவர் உங்கள் ஊர்க்காரர் என்பதால் அவரைக் குழுவில் திருத்த வேண்டாம். வீட்டுக்குப் போய், அவருடைய பைபிளிலேயே, பிலிப்பியில் பவுல் மறுத்ததைச் சொல்லும் அப்போஸ்தலர் 16:37-ஐத் திறந்து, அவரையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.