பிடித்த பயண எழுத்தாளர் பேசும் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாமா? கூச்சமாக இருக்கிறது

தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையைப் பாதி தூக்கி, மைக் பக்கத்தில் வந்ததும் தலையைச் சொறிவதுபோல இறக்கிக்கொள்கிற ஆள் என்று நினைக்கிறேன். நானும் நாற்பத்தெட்டு வயது வரை அப்படித்தான்.

சில வருஷம் முன்னால் புதுச்சேரிக்கு ஒரு பயண எழுத்தாளர் பேச வந்தார். பெயர் வேண்டாம். அவர் புத்தகம் எல்லாமே என்னிடம் உண்டு. கடலூரிலிருந்து அரை நாள் லீவு போட்டுப் போனேன்.

அழைப்பிதழில் ஐந்தரை மணி. அவர் கைக்கு மைக் போனபோது ஏழு. வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, வாழ்த்துரை வழங்கியவருக்குப் பொன்னாடை, போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. இதைச் சொன்னால் இலக்கிய விரோதி என்பார்கள், சொல்லட்டும். அந்தத் துணிக் காசில் நாற்காலி போட்டிருந்தால் பின்னால் பாதிப் பேர் நின்றிருக்க வேண்டாம்.

சரி, பேச்சு நன்றாகவே இருந்தது. உள்ளூரைத் தொடாமல் முடிக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியில், அந்தக் காலத்தில் ரோமோடு வியாபாரம் செய்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு வந்து, "ரெண்டாயிரம் வருஷமா அந்த ரோமானியச் சுவர்கள் ஆத்தங்கரையில நிக்குது" என்றார். கைதட்டல். எனக்குக் காது சூடாகிவிட்டது.

என் அம்மா பிறந்தது காக்காயன்தோப்பு. அரிக்கமேடு அங்கேதான், அரியாங்குப்பம் ஆற்றை ஒட்டி. 1945-ல் தொல்லியல் ஆய்வாளர் வீலர் அங்கே அகழாய்வுக்குத் தோண்டியபோது தாத்தா மண்கூடை சுமந்தவர். சின்ன வயதில் மழை விட்டதும் மேட்டுக்கு ஓடிப்போய், மிளகு அளவு பாசிமணி பொறுக்குவோம் (அது தப்பு என்று அப்போது தெரியாது, சண்டைக்கு வராதீர்கள்). அங்கே நிற்கிற சுவர் பாதிரியார்கள் 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. ரோமானியத் தொடர்பு தெரிந்தது மண்ணுக்கு அடியில் கிடைத்ததை வைத்து. அதிலும் இத்தாலியில் செய்த சிவப்புப் பானை ஓடு முக்கியம். அதன் காலம் ஏற்கெனவே தெரியும் என்பதால் கூடக் கிடைத்ததற்கும் காலம் சொல்ல முடிந்தது. ஆனால் வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிவது சுவர்தான், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எழுந்து சொன்னேன். கால் நடுங்கியது. மைக் கொடுத்த பையன், "சார், கேள்வியா கேளுங்க" என்று அதைப் பிடுங்கப் பார்த்தான். மேதாவித்தனம் காட்டியதாகக் கீழே எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று: வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். நான் போகாத ஊர்களையெல்லாம் இவர் சொல்லித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே இடத்தில் தவறினால் மற்றதை நான் என்ன செய்வது?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். நான் அங்க போனதே இல்ல" என்றார். சபை சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. அப்புறம் கையெழுத்துக்கு நின்றபோது அழைப்பிதழின் பின்பக்கத்தை நீட்டி, வழி வரையச் சொன்னார். பாலம், இடது கைப்பக்கம் திரும்புகிற தெரு, மாந்தோப்பு எல்லாம் போட்டுக் கொடுத்தேன். போனாரா தெரியாது. அதற்குப் பிறகு வந்த புத்தகத்தில் புதுச்சேரி பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதனால் கேளுங்கள். ஆனால் இரண்டு வரியில் கேளுங்கள், என்னைப் போலத் தாத்தாவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

திரும்பும்போது எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து வருகிறவன் பையில் பாட்டில்தான் இருக்கும் என்று ஒரு முடிவு. என் பையைத் தடவியவருக்குக் கனமாக ஏதோ தட்டுப்பட, வெளியே எடுத்தார். கையெழுத்துப் பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யாருங்க இவரு?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.