கறங்கலும் துடுப்பும்

அன்புள்ள ஐயா,

வந்தாறுமூலையில் பௌதிகவியல் படிக்கிறேன். தனி அணுவுக்கூடாக இலத்திரன் எப்படிப் போகிறது, அங்கே கறங்கலுக்கு (spin, இலத்திரனையும் அணுவையும் சிறு காந்தமாக்கும் குணம்) என்ன வேலை என்று மேலே படிக்க ஆசை. "கண்ணுக்கே தெரியாத சாமானுக்குள் கரண்ட் விட்டு என்னத்தைக் காணப் போறாய்?" என்கிறார் மாமா. என்ன சொல்ல?

வாசகி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள மகள்,

மாமாவை ஒரு நிலாக்கால இரவில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப் போங்கள். பாடும் மீன் கேட்பவர்கள் தோணியில் இருந்து துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு, மறுநுனியில் காதை வைப்பார்கள். (நான் போன இரவு எஞ்சின் போட் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் பாட்டைத்தான் கேட்டேன்.) கேட்பது ஒரு மீனா நூறா என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. காந்தத்துண்டை அளப்பதும் அப்படித்தான், கோடானுகோடி அணுக்களின் கூட்டுக் குரல்.

1981இல் சூரிச்சில் பின்னிக்கும் ரோரரும் செய்த கருவி (வருடும் துளைப்பு நுணுக்குக்காட்டி, STM), துடுப்பை ஒரே அணுவுக்கு மேலே பிடித்தது. கூரிய உலோக நுனி அணுவைத் தொடாது. ஒரு நனோமீற்றரிலும் குறைந்த அந்த இடைவெளியை இலத்திரன் துளைத்துப் போகும்.

சரி, கறங்கல். பாடப்புத்தகச் சொல் அழகு, ஆனால் ஆளை ஏமாற்றும். பம்பரம் மாதிரி அங்கே எதுவும் சுற்றவில்லை. காந்தப்புலத்தில் அணுவுக்கு இருக்கிற சில நிலைகள், அவற்றுக்கிடையே சிறு சக்தி வித்தியாசம், அவ்வளவுதான். நுனியின் மின்னழுத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். கடக்கிற இலத்திரனிடம் அணுவின் கறங்கலைப் புரட்டுமளவு சக்தி சேர்ந்ததும் இன்னொரு வழி திறக்கும், கடத்துதிறன் ஒரு படி ஏறும். புலத்தைக் கூட்டினால் படியும் தள்ளிப் போகும். 2004இல் மங்கனீசு அணு ஒன்றில் இதை அளந்தார்கள். 7 தெஸ்லா புலத்திலும் அந்தச் சக்தி ஒரு மில்லி இலத்திரன்வோல்ற்றுக்குக் குறைவு. அறை வெப்பத்தின் இரைச்சலோ ஏறத்தாழ 25. அதுதான் எஞ்சின் போட். அதனால் கருவியை ஒரு கெல்வினுக்கும் கீழே குளிரவைத்தார்கள்.

பயன் கேட்பார். 2012இல் 12 இரும்பு அணுக்களில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒரு தகவல்) எழுதினார்கள், 2017இல் ஒரே ஹொல்மியம் அணுவில். ஹொல்மியத்தை நேரே கேட்டது போதாதென்று, பக்கத்தில் வைத்த இரும்பு அணுவிடமும் அதன் காந்தம் எந்தப் பக்கம் என்று விசாரித்தார்கள். எனக்குப் பிட்டை விட அந்த விசாரணைதான் பிடிக்கும்.

மாமா கிடக்கட்டும். நீங்கள் இன்றிரவே ஒரு தாளை எடுத்து, அந்த இடைவெளி இலத்திரனுக்குப் போடும் சக்தித் தடையின் உயரம் 5 இலத்திரன்வோல்ற்று என்று வைத்து, நுனி 0.1 நனோமீற்றர் விலகினால் மின்னோட்டம் என்னாகும் என்று கணித்துப் பாருங்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்று வரும். வராவிட்டால் எழுதுங்கள்.