மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நகரம்

அன்புள்ள அண்ணா,

நகரம் கட்டும் கம்ப்யூட்டர் கேமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் விளையாடுகிறேன். முதல் பாகம்தான், என் லேப்டாப்பில் இரண்டாம் பாகம் ஓடாது. சமவெளி மேப்பில் ஒரு லட்சம் பேர் வரை கொண்டுவந்த பிறகு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தான மலை, நடுவில் ஒல்லியாகக் கொஞ்சம் தரை என்று இருக்கும் மேப் ஒன்றை எடுத்தேன். முப்பதாயிரம் பேர் தாண்டியதும் நகரம் அப்படியே நின்றுவிட்டது. ஹைவேயிலிருந்து இறங்க ஒரே வழி, அங்கே லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டுகின்றன. மேட்டில் கட்டம் கட்டமாகப் போட்ட தெருக்கள் உடைந்த படிக்கட்டு மாதிரி இருக்கின்றன. கடற்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு நோய். நண்பர்கள் எல்லாரும் மலையை மட்டமாக்கிவிடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. மட்டமாக்காமல் இங்கே பெரிய நகரம் கட்ட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

முடியும். மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். இந்த மாதிரி மேப்புக்கு அழகே அந்த மலைதான். அதை வழித்துத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது நீங்கள் ஏற்கனவே கட்டி முடித்த சமவெளி மேப்.

நீங்கள் சொன்ன தொல்லைகள் தனித்தனியாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. சமவெளியில் தரைக்குப் பஞ்சமில்லை, எதை எங்கே வைத்தாலும் பிறகு நகர்த்திக்கொள்ளலாம். இங்கே தட்டையான தரை கொஞ்சம்தான், அதை யாருக்குக் கொடுப்பது என்று முதல் ரோடு போடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். கேம் ஆரம்பத்தில் வீடுதான் கேட்கும். நாமும் கடலோரத்து நல்ல தரையெல்லாம் வீட்டுப் பகுதி என்று பச்சை நிறம் அடித்துவிடுவோம். அப்புறம் சரக்குத் துறைமுகம் வேண்டும் என்னும்போது ஒரு கோடியில் மிச்சமிருக்கும் மூலைதான் கிடைக்கும், அங்கே போகிற ஒவ்வொரு லாரியும் ஊர் நடுவே புகுந்துதான் போகும். வீடு, பள்ளிக்கூடம், பூங்கா இவையெல்லாம் மேட்டில் ஏறிக்கொள்ளும். காற்றாலைக்கு உயரம்தான் நல்லது, காற்று மேப்பைத் திறந்தாலே தெரியும். துறைமுகம், ரயில், சரக்கு யார்டு, தொழிற்சாலை, ஹைவே, இவற்றுக்குத் தட்டையான தரைதான் வசதி. முதல் பங்கு இவற்றுக்கு.

ஜப்பானில் கோபே நகரம் ஏறக்குறைய உங்கள் மேப்பேதான். வடக்கே ரொக்கோ மலை, 931 மீட்டர். தெற்கே ஒசாகா விரிகுடா. நடுவில் இருக்கும் தரை பல இடங்களில் சில கிலோமீட்டர் அகலம்தான். கேமில் நாம் வாங்கும் ஒரு டைல், அதாவது நிலத்தின் ஒரு சதுரம், பக்கத்துக்கு 1.92 கிலோமீட்டர் என்பதால் அளவிலும் அது உங்கள் ஊரோடு ஒத்துப்போகும். அந்தப் பட்டையில் ஜேஆர், ஹான்க்யூ, ஹான்ஷின் என்று மூன்று கம்பெனிகளின் ரயில் பாதைகள், கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று இணையாக, கிழக்கு மேற்காக ஓடுகின்றன. பெரிய ரோடுகளும் அதே போக்குதான். அங்கே வழி சொல்லும்போது மலைப்பக்கம், கடல்பக்கம் என்றே சொல்வார்கள்.

பிறகு புல்லட் ரயில் வந்தது, 1972இல். நகர மையத்தில் அதற்கு இடமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா, பாதையை மலைக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள். ஒசாகா பக்கமிருந்து வரும் ரயில் சுமார் 16 கிலோமீட்டர் நீளமான ரொக்கோ சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததுமே ஷின்-கோபே நிலையம், நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் மறுபடி சுரங்கம். மலையடிவாரத்தில் இரண்டு சுரங்க வாய்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ஒரு நிலையம், அவ்வளவுதான். கடந்துபோகிற ரயில் ஊரின் தரையைக் கிட்டத்தட்ட தின்னவே இல்லை. எனக்கு உலகத்திலேயே மிகப் பிடித்த நிலையங்களில் ஒன்று அது.

உங்கள் ஹைவேயையும் அப்படிச் செய்யுங்கள். கடற்கரைத் தரையில் அதைப் பரப்பி வைக்காதீர்கள். கீபோர்டின் பேஜ் டவுன் விசையால் ரோட்டைக் கீழே இறக்கி மலைக்குள் விடுங்கள். சுரங்கத்துக்குக் காசு கூடத்தான், ஆனால் மேலே இருக்கும் தரையும் மலையும் உங்களுக்கே மிச்சம். இரண்டு அல்லது மூன்று இடத்தில் மட்டும் வெளியே எடுத்து இறங்கும் வழி கொடுங்கள், அதில் ஒன்று நேராகத் துறைமுகத்துக்கு, வீட்டுத் தெரு எதையும் தொடாமல். இப்போது உங்கள் லாரிகள் வரிசை கட்டுவதற்குக் காரணம் ரோடு சின்னதாக இருப்பது என்று நினைக்கிறீர்கள், இல்லையா? இந்தக் கேமில் வண்டிகள் அடுத்த திருப்பத்துக்கு எந்த லேன் வேண்டுமோ அதை முன்னாடியே பிடித்துக்கொள்ளும். எல்லாரும் போக வேண்டியது ஒரே இறக்கம், ஒரே திருப்பம் என்றால் ஆறு லேன் போட்டாலும் ஐந்து காலியாகக் கிடக்கும். இறங்கும் வழியைப் பிரித்தால்தான் வரிசை குறையும். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே சரக்கு ரயில் டெர்மினல் ஒன்றும் வைத்துவிடுங்கள், பாதி லாரி ரோட்டுக்கே வராது.

சரி, மேட்டுத் தெருக்கள். சரிவில் கட்டம் போட்டால் குறுக்குத் தெரு ஒவ்வொன்றும் மலையை நேராக ஏற வேண்டியிருக்கும், கட்டடமோ தன்னைச் சுற்றித் தரையைச் சமன் செய்துகொள்ளும், அதனால்தான் அந்த உடைந்த தோற்றம். சமஉயரக் கோடு போகிற போக்கில், அதாவது ஒரே உயரத்தில் மலையை ஒட்டி, ரோடு போடுங்கள், ஏறுவதற்கு இடையிடையே ஒரு கொண்டை ஊசி வளைவு போதும். ரோட்டிலிருந்து உள்ளே நான்கு கட்டம்தான் ஜோன் ஆகும், அதாவது கட்டடத்துக்கு ஒதுக்க முடியும், ஒரு கட்டம் 8 மீட்டர், ஆக 32 மீட்டர். இரண்டு ரோடுகளுக்கு நடுவே இரு பக்கமும் சேர்த்து 64 மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு அந்த மிச்சத்தை மரமாகவே வைத்திருங்கள். வளைவைச் சுற்றிப் போகிற வண்டிக்குத் தூரம் அதிகம், ஆனால் மேல் ரோட்டையும் கீழ் ரோட்டையும் நேராக இணைத்து ஒரு நடைபாதை போட்டுப் பாருங்கள். இந்தக் கேமின் மக்கள் அலுக்காமல் நடப்பார்கள், காலையில் அந்தப் பாதையில் கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். கேமுக்குத் தனியாக வாங்கும் மாஸ் டிரான்சிட் டிஎல்சி (கூடுதல் தொகுப்பு) இருந்தால் கேபிள் காரும் ஃபெர்ரியும் இந்த மேப்புக்காகவே செய்த மாதிரி பொருந்தும். விரிகுடாவின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஃபெர்ரி விட்டால் கரையோர ரோட்டுக்கு நிஜமாகவே மூச்சு கிடைக்கும்.

மலையை மட்டமாக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கோபேக்காரர்கள் அதையும் செய்தார்கள். மேற்கே சுமா பக்கத்துக் குன்றுகளை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கடற்கரைக்கு இறக்கி, படகில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். 1966இல் தொடங்கி 1981இல் போர்ட் ஐலண்ட் என்ற செயற்கைத் தீவு எழுந்தது, சுமார் 440 ஹெக்டேர். குன்றை வெட்டிய இடத்தில் குடியிருப்பு, மண் போன இடத்தில் துறைமுகம், ஒரே வேலையில் இரண்டு தரை. கேமிலும் நிலம் திருத்தும் கருவியில் மண் கணக்கு உண்டு, ஓரிடத்தில் தோண்டியதுதான் இன்னோரிடத்தில் மேடாகும். ஆகவே தொழில் பகுதிக்குத் தரை போதவே இல்லை என்றால் ஊரின் கண்ணுக்குப் படாத ஒரு சின்னக் குன்றை எடுத்துக் கடலுக்குள் தள்ளலாம், அதற்கு நான் எதிரி இல்லை. பெரிய மலையின் முகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஆனால் கோபேயின் மிச்சக் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூலை 1938இல் பெருமழை பெய்தபோது ரொக்கோவிலிருந்து மண்ணும் பாறையும் மரமும் குட்டையான, செங்குத்தான ஆறுகள் வழியே நேராக ஊருக்குள் வந்துவிட்டன. 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். போர்ட் ஐலண்டில் கொட்டிய மண் தண்ணீரோடு சேர்ந்து இளகிப் பொங்கியது, துறைமுகச் சுவர்கள் கடல்பக்கம் நகர்ந்தன. ஹான்ஷின் எக்ஸ்பிரஸ்வேயின் மேம்பாலம் 600 மீட்டருக்கு மேல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. கிழக்கு மேற்காகப் போகும் ரயிலும் பெரிய ரோடுகளும் அந்த ஒரே பட்டையில் இருந்ததால் பெரும்பாலும் ஒரே நாளில் அறுந்தன. இந்த நிலப்பரப்பில் ஊர் கட்டுகிற எவரும், கேமிலேயே ஆனாலும், நினைவில் வைக்க வேண்டியது இது என்று நினைக்கிறேன். கடலோரமாக நீங்கள் எத்தனை ரோடு போட்டாலும் அவை ஒன்றுதான். மலைக்குப் பின்னால் ஒரு வழி வேண்டும். கோபேயில் மலையைக் குடைந்து வடக்கே போகும் ரோடு 1976இல் திறந்தது, ஷின்-கோபேயிலிருந்து மலைக்கு அப்பால் இருக்கும் தனிகாமி வரை ரயில் 1988இல். இப்போது மலையின் அந்தப் பக்கமும் ஊர்தான். உங்கள் மேப்பிலும் மலைக்கு அப்பால் ஒரு டைல் வாங்கி ஒரு சின்ன ஊரை வைத்துச் சுரங்கத்தால் இணைத்துவிட்டால், நெரிசலோ விபத்தோ, நகரம் முழுசாக நிற்காது.

நோய்க்குப் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும். விரிகுடாவின் உட்பக்கம் தண்ணீர் ஓடாது, கழிவு அங்கேயே தங்கிக் குடிநீர்க் குழாய்க்கு வந்துவிடும். குழாய் வைக்கும்போது நீரோட்டத்தின் அம்புகள் தெரியும், அவை வெளியே போகிற முனையில் கழிவுநீரை வையுங்கள், குடிநீரை மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் மேல்பக்கம் எடுங்கள்.

இருக்கிற நகரத்தை அழிக்க வேண்டாம். முதலில் கேமை நிறுத்திவைத்துவிட்டு குழாய்களை மாற்றுங்கள். பிறகு இப்போதைய ஹைவே ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு கிளை பிரித்து மலைக்குள் விட்டு, மறுமுனையைத் துறைமுகத்தில் எடுங்கள். லாரிகள் புது வழிக்கு மாறக் கொஞ்ச நேரம் எடுக்கும், பதறிப்போய் வேறெதையும் இடிக்காதீர்கள். மேட்டுத் தெருக்களைக் கடைசியில் ஒரு பேட்டையாகப் பிரித்துப் போடலாம். டிராஃபிக் வரைபடத்தைத் திறந்து வைத்து ஒரு படம், மேலிருந்து முழு மேப்பும் தெரிய ஒரு படம், இரண்டும் அனுப்புங்கள். சுரங்கம் எங்கே வெளியே வந்தால் நல்லது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்