ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டே புற்றுநோய் ஆராய்ச்சியில் நோயாளிகள் தரப்பில் பேச முடியுமா? மருத்துவம் படித்திருக்க வேண்டுமா?

படித்திருக்க வேண்டியதில்லை. சட்டத்திலேயே உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமானால் நெறிமுறைக் குழு ஒன்று அனுமதி தர வேண்டும். 2019-ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகளின்படி அதில் குறைந்தது 7 பேர்; ஒருவர் சாதாரணப் பொதுஜனம், 'லே பெர்சன்' என்பார்கள். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான 5 பேரிலும் அவர் உண்டு. அவர் கடந்த 5 ஆண்டுகளில் மருத்துவத் துறையில் வேலை பார்த்திருக்கக் கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டி. ஆக, போன வருடம் ஓய்வு பெற்ற நர்ஸுக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைக்கும்.

காப்பீட்டு அட்டை வாங்கித் தருவது, வார்டில் துணைக்கு இருப்பது எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் இது வேறு வேலை. இங்கே நீங்கள் பேசப்போவது இன்னும் தொடங்காத ஒரு சோதனையைப் பற்றி.

முதலில் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருந்துச் சோதனைகளின் இணையப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். இந்தியாவில் மருந்துச் சோதனைகளை இதில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம், பார்க்கக் காசு கிடையாது. மதுரை, சென்னையில் நடக்கும் புற்றுநோய்ச் சோதனைகளில் நான்கைந்தை எடுத்து, யாரைச் சேர்க்கிறார்கள், எதை எதோடு ஒப்பிடுகிறார்கள், எதை வைத்து வெற்றி என்று சொல்லப்போகிறார்கள் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் அந்த மொழி பிடிபட்டுவிடும்.

உங்கள் கை ஓங்கும் இடம், சோதனையில் சேர நோயாளி கையெழுத்திடும் தமிழ் ஒப்புதல் படிவம். 'நீங்கள் சீரற்ற முறையில் ஒரு குழுவுக்கு ஒதுக்கப்படுவீர்கள்' என்று எழுதியிருக்கும். பாம்பனில் இதை யாரிடம் வாசித்தாலும், ஏதோ ஒழுங்கில்லாமல் செய்யப்போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். 'எந்த மருந்து யாருக்கு என்பதை டாக்டரும் முடிவு செய்வதில்லை, நீங்களும் முடிவு செய்வதில்லை. குலுக்கல் சீட்டுப் போடுவது மாதிரி கம்ப்யூட்டர் எடுக்கும்' என்றால் புரியும். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கத் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பது வழக்கம். அகராதி பார்த்து ஒருவர் மாற்றியதை அகராதி பார்த்தே இன்னொருவர் திருப்புவதால் இரண்டும் அச்சாகப் பொருந்திவிடலாம், தவறு வெளியே வராமல் போகலாம். அதனால் இப்படிப்பட்ட வாக்கியங்களை அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டி, 'இப்ப நீங்க சொல்லுங்க, என்ன செய்யப்போறாங்க?' என்று கேட்டுப் பழகுங்கள். பதிவேட்டில் உள்ள தகவலை வைத்துப் பழகினால் போதும். குழு தரும் காகிதங்கள் ரகசியம், அவற்றை வெளியே காட்டக்கூடாது.

ஒப்புதல் விஷயத்தில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2010-இல் அன்றைய ஆந்திராவின் (இன்றைய தெலங்கானா) கம்மத்தில் நிறுத்தப்பட்ட, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் உதாரணம். ஆயிரக்கணக்கான படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள்.

அடுத்தது நாள்காட்டி, நம் கரைக்கென்றே உள்ள சங்கதி. சோதனைத் திட்டத்தில் 21 நாளுக்கு ஒருமுறை வர வேண்டும், முன்பின் 3 நாள் சலுகை என்பது போல இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது வீட்டில் துணைக்கு ஆள் இருக்கும், கையில் காசு இருக்காது. ஜூன் 15 ஆனால் நேர்மாறு. பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கோ நீர் வற்றுகிற நாள்தான் வேலைநாள். தேதி தவறினால் அந்த நோயாளியின் தகவல் குறைபடும், பலர் தவறினால் முடிவே ஆட்டம் காணும். ஆகவே இடையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை ராமநாதபுரத்திலேயே எடுக்கலாமா, துணைக்கு வருபவருக்கும் பயணப்படி உண்டா, வண்டி தவறினால் அடுத்த நாள் ஏற்பீர்களா என்று கேளுங்கள். ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை; பாதிப் பேருக்கு இது தோன்றியிருக்காது, அவ்வளவுதான்.

அளவு, விலை பற்றியும் கேட்கலாம். டாடா மெமோரியல் மருத்துவமனை 2022-இல் வெளியிட்ட தலை, கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையில் மற்ற மருந்துகளோடு நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை 3 வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டுமே சேர்த்தார்கள். வழக்கமான அளவு 2 வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அந்தச் சொட்டு அளவுக்கே, ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானார்கள்.

தவறும் இடங்கள்: சொந்தக் கதையையே எல்லாக் கூட்டத்திலும் சொல்வது, ஊரில் மருந்து ஆலோசனை சொல்வது, சொந்தக்காரர் சேர்ந்திருக்கும் சோதனைக்கு ஓட்டுப் போடுவது. சொந்தக்காரர் இருக்கும் சோதனை பேச்சுக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

சேர விரும்பினால், சோதனை நடத்தும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு மெம்பர் செகரட்டரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பயணச் செலவு தருவார்களா என்பதை அதிலேயே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்கக் கூச்சமாக இருக்கும். பதிவேட்டில் உள்ள ஒரு சோதனையை நீங்களே எளிய தமிழில் எழுதிய அரைப்பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள்.