எலும்பு ஒட்டிக்கொள்ளவில்லை, தளர்ந்திருக்கிறது

கேள்வி: எனக்கு இது 30-வது வாரம். அடிவயிற்றுக்குக் கீழே நடு எலும்பில் வலி, படி ஏறினாலும் படுக்கையில் புரண்டாலும் குத்துகிறது. கிளினிக்கில் ‘சிம்ஃபிசிஸ் பியூபிஸ்’ வலி என்றார்கள். சிம்ஃபிசிஸ் என்றால் எலும்புகள் சேர்ந்து வளர்வது என்று படித்தேன். என் இடுப்பெலும்பு ஒட்டிக்கொண்டதா டாக்டர்? சுகப்பிரசவம் ஆகாதா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: இந்த வலி இருப்பதாலேயே ஆபரேஷன் தேவைப்படாதும்மா, இந்த வலியோடு சுகப்பிரசவம் ஆனவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் படித்த அர்த்தம் சரிதான். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் சேர்ந்து, ‘ஃபிசிஸ்’ என்றால் வளர்ச்சி, இயற்கை (பள்ளியில் நம்மை வாட்டிய பிசிக்ஸுக்கும் அதே வேர்). இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன், அசையும் மூட்டுகளைத் தனியே வைத்துவிட்டு, எலும்புகள் சேர்ந்து வளர்ந்த இடங்களை இப்படி அழைத்தார். தாடைக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்: பிறக்கும்போது இரண்டு பாதியாக இருக்கும் கீழ்த்தாடை ஒரு வயதுக்குள் ஒரே எலும்பாகிவிடும். இடுப்பின் முன்பக்கம் அப்படியில்லை, இரண்டு எலும்புக்கும் நடுவே குருத்தெலும்பு, சுமார் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி, கர்ப்பத்தில் ஹார்மோன்களால் இணைப்பு நார்கள் தளர்ந்து அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடும். ஆக, நீங்கள் பயந்ததற்கு நேர் எதிர். மிசி (நர்ஸ்) ஒவ்வொரு செக்கப்பிலும் வயிற்றில் டேப் வைத்து அளப்பாரே, அதன் ஒரு முனை இந்தச் சிம்ஃபிசிஸின் மேல் விளிம்பில்தான்.

சரி, வலிக்கு என்ன செய்யலாம்? புரளும்போதும் காரில் ஏறும்போதும் இரண்டு முழங்காலையும் சேர்த்தே திருப்புங்கள், உட்கார்ந்து உடை மாற்றுங்கள், காலுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுங்கள். தண்ணீர்மலைப் படியேறும் வேண்டுதல் இருந்தால் முருகன் காத்திருப்பார். பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், இடுப்பு பெல்ட்டை அவர்களே அளந்து கட்டிக்காட்டட்டும். பாராசிட்டமால் போடலாம், ஆனால் பார்மசியில் வேறு வலி மாத்திரை எதையும் நீங்களாக வாங்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு பத்தியத்தில் உடம்பு பிடித்துவிட வரும் அம்மாவிடம் அந்த எலும்பை அழுத்த வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், இரத்தக்கசிவு, விட்டு விட்டு இறுக்கிப் பிடிக்கும் வலி, கால் மரத்துப்போவது, அடியெடுத்து வைக்கவே முடியாத நிலை, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை பொறுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.