விற்பனை விளக்கத்தை எளிமையாக்குவது எப்படி? – சேலம் தொழில் நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஆத்தூர்): அண்ணா, சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு பயோகேஸ் கலன் அமைத்துக் கொடுக்கிறோம். 34 ஸ்லைடு வைத்திருக்கிறேன். பாதியிலேயே போனை எடுத்துவிடுகிறார்கள். எதைக் குறைப்பது?

பதில்: கம்பெனி வரலாறு, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், கேட்டால் காட்டிக்கொள்ளலாம். ஆலை முதலாளி மனதில் ஓடுவது மரவள்ளிக்கிழங்கு வரத்து, கரண்ட் பில், கழிவுநீர். உங்கள் கலன் பின்னிரண்டுக்கும் வழி சொல்கிறது. கழிவுநீரில் கரைந்த மாவுச்சத்தைக் காற்றுப்புகாத கலனில் நுண்ணுயிர்கள் சிதைப்பதால் மீத்தேன் எரிவாயு கிடைக்கிறது என்பதை ஒரே படத்தில் முடியுங்கள். அப்புறம் அவருடைய ஆலைக் கணக்குக்கு வாருங்கள். நாளுக்கு எத்தனை டன் கிழங்கு அரைக்கிறார், எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது, போன மாத மின்கட்டணம் என்ன? முன்கூட்டியே போனில் கேட்டு, அந்த எண்களையே திரையில் போடுங்கள்.

முக்கியமான ஒன்று: அரவை இல்லாத மாதங்களில் எரிவாயுவும் வராது. அதை நீங்களே சொல்லிவிடுங்கள். 12 மாதமும் மிச்சம் என்று காட்டினால் நம்பிக்கை அங்கேயே போய்விடும். சீசன் அவருக்குத் தெரியாதா என்ன?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): கொலுசுப் பட்டறைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் விற்கிறேன். எல்லா வசதியையும் காட்டாவிட்டால் அதன் மதிப்பு எப்படித் தெரியும் சார்?

பதில்: பட்டறைக்காரர் வெள்ளியை எடை போட்டு ஆளிடம் கொடுக்கிறார். அது கொலுசாகத் திரும்பும்போது எடை, டச் (வெள்ளியின் தரம்), சேதாரம், கூலி நான்கும் நேராக வேண்டும். அந்த ஒரு கணக்கை, அவர் நோட்டில் இருக்கும் ஒரு பக்கத்தை வைத்தே, அவர் கண்முன் போட்டுக் காட்டுங்கள். ‘பொருள் 1, பொருள் 2’ என்று மாதிரி போடாமல் கொலுசு, மெட்டி, அரைஞாண் என்றே போடுங்கள். மற்ற வசதிகளை அவரே கேட்பார்.

கேள்வி (அம்மாபேட்டை): எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கணும்?

பதில்: அமெரிக்கத் தொழில் எழுத்தாளர் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்ன கணக்கு 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயிண்ட் எழுத்து. தமிழில் 30க்குக் கீழே போகவே வேண்டாம்; பின்வரிசைக்குப் புள்ளியும் சுழியும் தெரியாது.

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டங்களுக்கு ஈரப்பதமானி விற்கிறேன். புரொஜெக்டர் வைக்க வசதியே இல்லையே?

பதில்: நல்லதுதான். களத்தில் காயும் பார்ச்மென்ட் காபியில் (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு இருக்கும் கொட்டை) ஒரு கை அள்ளி மானியில் போடுங்கள். சுமார் 10 சதவீதம் வரும்வரை காய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கைப்பக்குவத்தில் அவர் சொல்லும் அளவையும் மானி காட்டுவதையும் சேர்த்துப் பார்க்கட்டும். பழம் பறிக்கும் நாளில் பகலில் போகாதீர்கள். மாலையில் எடை போட்டு முடித்த பிறகு போனால் உட்கார்ந்து கேட்பார்கள்.